சைலன்சரில் ஒரு கீறல்

எக்ஸாஸ்ட் குழாயின் வெப்பத்தில் சிதையும் சிறு விமானங்கள்... பரிந்துரை ஆணையாக மாறுவதற்குள் பறிபோன உயிர்கள்!

1997-ஆம் ஆண்டின் கடைசி. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஹாய்சிங்டன் என்ற சிற்றூர். எலும்பு சிகிச்சை மருத்துவர் ஒருவர் தன் சொந்த விமானத்தில், ஒற்றை என்ஜின் பைப்பர் கமாஞ்சியில், தனியாகக் கிளம்பினார். கிழக்கே டொபீகா நகரில் ஒரு கூட்டம். 5,500 அடி உயரத்துக்கு ஏறினார். ஆட்டோபைலட்டைப் போட்டார். வெளியே கடுங்குளிர், உள்ளே ஹீட்டரின் இதமான வெப்பம். அதற்குப் பிறகு நடந்த எதுவும் அவருக்கு நினைவில் இல்லை.

டொபீகா வந்தது, போனது. விமானம் இறங்கவில்லை. கான்சஸ் எல்லையைத் தாண்டி மிசௌரி மாநிலத்துக்குள் நுழைந்தது. பெட்ரோல் தீர்ந்து என்ஜின் அடங்கியது. ஓட்ட ஆளில்லாமல், ஆட்டோபைலட் பிடித்த பிடியில் மெல்லச் சரிந்து, கெய்ரோ என்ற ஊருக்கு அருகே ஒரு புல்வெளியில் தானாகவே தரைதட்டியது. மரத்தில் மோதிய இறக்கை பிய்ந்துபோனது. மருத்துவர் கண் விழித்தபோது, போக வேண்டிய ஊரைத் தாண்டி நூற்றைம்பது மைலுக்கும் அப்பால் இருந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. எங்கே இருக்கிறோம் என்றே புரியாமல் எழுந்து நடந்து, ஒரு பண்ணை வீட்டுக் கதவைத் தட்டினார்.

காரணம், விமானத்தின் சைலன்சரில் ஒரு கீறல். அதன் வழியே கசிந்த கார்பன் மோனாக்சைடு, ஹீட்டர் காற்றோடு கலந்து அவர் மூக்குக்கு வந்திருக்கிறது. பனிக்காலம், சமவெளி, நல்ல ஆட்டோபைலட், காலியான டேங்க் எனப் பல அதிர்ஷ்டங்கள் வரிசையாகக் கூடி வந்ததால் அவர் பிழைத்தார். இதே கீறலுக்கு அதற்கு முன்னும் பின்னும் பலியானவர்களின் பட்டியல் நீளமானது. அந்தப் பட்டியலைப் படிக்கும்போது திரும்பத் திரும்பக் கண்ணில் படும் சொல் ஒன்று உண்டு: ‘பரிந்துரைக்கப்படுகிறது’.

நெருப்பிலிருந்து இரவல் வாங்கும் சூடு

பிஸ்டன் என்ஜின் விமானங்கள் பெரும்பாலானவற்றில் ஹீட்டர் என்று தனியாக ஒரு கருவி கிடையாது. என்ஜினிலிருந்து வரும் எக்ஸாஸ்ட் குழாய், சைலன்சர் வழியாக வெளியே போகிறது. அந்தச் சைலன்சரைச் சுற்றி ஒரு தகர உறை. வெளிக்காற்று அந்த உறைக்குள் புகுந்து, சைலன்சரின் மேற்பரப்பை உரசிச் சூடாகி, விமானியின் காலடிக்கு வருகிறது. செலவு இல்லாத, எடை கூடாத, எளிய ஏற்பாடு. அதில் ஒரே ஒரு சிக்கல்: நச்சுப் புகைக்கும் சுவாசிக்கும் காற்றுக்கும் நடுவே இருப்பது மெல்லிய எஃகுத் தகடு மட்டுமே.

அந்தத் தகடு படும் பாடு கொஞ்சமல்ல. ஒவ்வொரு பறத்தலிலும் செக்கச்சிவக்கக் காய்கிறது, பிறகு ஆறுகிறது, மறுபடி காய்கிறது. விரிவதும் சுருங்குவதுமாக ஆயிரக்கணக்கான முறை. இடைவிடாத அதிர்வு வேறு. வெல்டிங் செய்த இடங்களிலும் வளைவுகளிலும் உலோகம் களைத்து, முடி அளவுக்கு ஒரு கோடு விழுகிறது. சைலன்சர், ஹீட்டர் உறை ஆகியவற்றின் கோளாறுகளில் ஏறக்குறைய பாதி, இந்த ஹீட்டர் பரப்பில் விழும் விரிசல்களால் வருபவைதான் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ தன் பராமரிப்புக் கையேட்டிலேயே எழுதி வைத்திருக்கிறது.

டர்போசார்ஜர் பொருத்திய என்ஜின்களில் நிலைமை இன்னும் மோசம். டர்பைனுக்குள் நுழையும் புகையின் வெப்பம் 900 டிகிரி செல்சியஸை நெருங்கும். விமானத்தின் உடலும் இறக்கையும் அலுமினியக் கலவையால் ஆனவை. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். அதற்கு வெகு முன்பே வலுவை இழக்கத் தொடங்கும். அப்படியென்றால் குழாயில் விழும் ஓட்டை இரண்டு விதமாகக் கொல்லலாம். ஒன்று, நச்சாக உள்ளே வரலாம். இல்லையென்றால், தீயாக வெளியே பாயலாம்.

இருபத்தைந்து வருட இழுபறி

தீயாகப் பாய்ந்த கதையை முதலில் பார்த்துவிடலாம். செஸ்னா நிறுவனத்தின் 300, 400 வரிசை இரட்டை என்ஜின் விமானங்கள் ஒரு காலத்தில் அமெரிக்க வியாபாரிகளின் செல்லப்பிள்ளைகள். 340, 414, 421 என்று எண்களால் அறியப்பட்டவை. டர்போ பொருத்திய மாடல்களில், எக்ஸாஸ்ட் குழாய் என்ஜினுக்குப் பின்னால், இறக்கையை ஒட்டிய கூட்டுக்குள் செல்கிறது. பக்கத்திலேயே பெட்ரோல் குழாய்கள். அதற்கும் பின்னால் இறக்கையைத் தாங்கும் ஸ்பார்.

இந்த இடத்தில் குழாய் ஓட்டையானால் விமானிக்கு எதுவும் தெரியாது. கூட்டுக்குள் நடப்பது இருக்கையிலிருந்து பார்வைக்கு எட்டாது. சூடு முதலில் என்ஜினைத் தாங்கும் உத்திரங்களைப் பதம் பார்க்கும், பிறகு பெட்ரோல் குழாயை. பெட்ரோல் பற்றிக்கொண்டால் அணைக்க வழியில்லை. அந்தத் தீ ஸ்பாரைத் தொட்டுவிட்டால் இறக்கையே மிஞ்சாது.

1975-லேயே இதற்கென ஒரு கட்டாய ஆணை வந்துவிட்டது. பிறகு அதைத் திருத்தினார்கள், மீண்டும் திருத்தினார்கள். விபத்துகள் நிற்கவில்லை. கடைசியில் பழைய ஆணையைத் தூக்கிப் போட்டுவிட்டு 2000-ஆம் ஆண்டில் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தது எஃப்ஏஏ. எண் 2000-01-16. செஸ்னா இரட்டை என்ஜின் வைத்திருப்பவர்களிடம் இந்த எண்ணைச் சொன்னால் போதும், பெருமூச்சு விடுவார்கள்.

ஆணை சொல்வது இதுதான்: 50 மணி நேரப் பறத்தலுக்கு ஒருமுறை எக்ஸாஸ்ட் முழுவதையும் கண்ணால் சோதிக்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை காற்றழுத்தச் சோதனை. வால்குழாயைக் கழற்றி உள்ளே பார்க்க வேண்டும். என்ஜினைத் தாங்கும் உத்திரங்களிலும் அதன் பின் தடுப்பிலும் உராய்வு, அரிப்பு, விரிசல், வெப்பத்தால் நேர்ந்த சேதம் இருக்கிறதா எனத் தேட வேண்டும். இருந்தால் சரிசெய்யாமல் பறக்கக்கூடாது. தீத்தடுப்புச் சுவருக்குப் பின்னால் ஓடும் பெட்ரோல் குழாய்களையும் மாற்றியாக வேண்டும்.

கவனியுங்கள், குழாயை மட்டும் பார் என்று சொல்லி ஆணை நிற்கவில்லை. குழாய் சுட்டுவிட்டுப் போன இடத்தையும் பார் என்கிறது. பழைய ஆணைக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இதில்தான் இருப்பதாக எனக்குப் படுகிறது. விரிசல் விட்ட குழாயை மாற்றிவிட்டு, அது ஏற்கெனவே பொசுக்கிய உத்திரத்தை அப்படியே விட்டால், ஆபத்து கூட்டுக்குள்ளேயே தங்கிவிடும்.

【பெட்டி: ‘ஏடி’ என்றால் என்ன?】

● விமானத்திலோ என்ஜினிலோ பாதுகாப்புக் குறை இருப்பது தெரிந்தால், அரசு வெளியிடும் கட்டாய ஆணை ‘ஏர்வொர்த்தினஸ் டைரக்டிவ்’. ஹேங்கர்களில் இதற்குப் பெயர் ‘ஏடி’.

● ஏடியை நிறைவேற்றாத விமானத்தைப் பறக்கவிடுவது சட்டமீறல். செய்த வேலையை விமானத்தின் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும்.

● அமெரிக்க ஏடி எண்ணில் முதலில் ஆண்டு, அடுத்து அந்த ஆண்டின் எத்தனையாவது இருவாரம், கடைசியில் வரிசை எண். 2000-01-16 என்றால் 2000-ஆம் ஆண்டின் முதல் இருவாரத்தில் 16-ஆவது ஆணை.

● தயாரிப்பாளர் அனுப்பும் ‘சர்வீஸ் புல்லட்டின்’ வேறு, ஏடி வேறு. ‘கட்டாயம்’ என்று தலைப்பில் அச்சிட்டிருந்தாலும், சொந்த உபயோகத்துக்குப் பறக்கும் அமெரிக்க விமானத்துக்கு சர்வீஸ் புல்லட்டின் பொதுவாக அறிவுரை மட்டுமே.

சோப்பு நுரையும் பென்சிலும்

காற்றழுத்தச் சோதனை என்றதும் ஏதோ ஆய்வகக் கருவி என்று நினைத்துவிட வேண்டாம். வால்குழாய் வழியாகக் காற்றை உள்ளே ஊதி, இணைப்புகள்மேலும் வெல்டிங்மேலும் சோப்புத் தண்ணீரைத் தெளிக்கிறார்கள். எங்கே நுரை பொங்குகிறதோ அங்கே ஓட்டை. பங்ச்சர் கடையில் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பார்ப்பது போலத்தான். கோடிக்கணக்கில் விலைபோகும் விமானத்தின் உயிர் இந்த நுரையில் இருக்கிறது.

கண்ணால் பார்க்கும் சோதனையிலும் நுணுக்கம் உண்டு. அனுபவமுள்ள மெக்கானிக் விரிசலைத் தேடுவதில்லை, கறையைத் தேடுகிறார். கசிவு இருக்கும் இடத்தைச் சுற்றிச் சாம்பல் நிறத்திலோ வெள்ளையாகவோ தீற்றல் படிந்திருக்கும். இரு குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று நழுவும் ‘ஸ்லிப் ஜாயிண்ட்’ இறுகிப் போயிருக்கிறதா என்று ஆட்டிப் பார்ப்பார். அது அசைய வேண்டும். அசையாவிட்டால் குழாய் விரிய இடமில்லாமல் வேறெங்காவது கிழியும்.

இன்னொரு விஷயம் கேட்டால் சிரிப்பு வரும். விரிசல் இருக்கும் இடத்தைச் சாதாரணப் பென்சிலால் வட்டமிட்டுக் குறிக்கக்கூடாது! பென்சில் முனையின் கார்பன், குழாய் சூடாகும்போது உலோகத்துக்குள் இறங்கி, வட்டம் போட்ட இடத்திலேயே புது விரிசலை உண்டாக்கும். துத்தநாகம் பூசிய கருவிகளுக்கும் இதே தடை. எஃப்ஏஏ கையேடு இரண்டையும் பெயர் சொல்லியே விலக்கி வைத்திருக்கிறது.

ஒரு கால்பந்து வீரர், ஒரு கால்வாய்

எக்ஸாஸ்ட் கோளாறு உலகின் தலைப்புச் செய்தியானது 2019 ஜனவரியில். அர்ஜென்டினாவைச் சேர்ந்த எமிலியானோ சாலாவுக்கு வயது 28. பிரான்சின் நான்ட் அணியில் கோல் மழை பொழிந்துகொண்டிருந்தவரை, பிரிட்டனின் கார்டிஃப் சிட்டி 1.5 கோடி பவுண்டுக்கு வாங்கியது. அந்த கிளப்பின் வரலாற்றில் அதுவே உச்சத் தொகை. பழைய அணித் தோழர்களிடம் விடைபெற நான்ட் போன சாலா, ஜனவரி 21 இரவு ஒற்றை என்ஜின் பைப்பர் மலிபு விமானத்தில் கார்டிஃபுக்குத் திரும்பினார். விமானம் 1984-இல் தயாரானது.

ஆங்கிலக் கால்வாயின்மேல், கெர்ன்சி தீவுக்கு வடக்கே விமானம் ரேடாரிலிருந்து மறைந்தது. அரசுத் தேடல் சில நாளில் நிறுத்தப்பட்டது. ரசிகர்களும் சக வீரர்களும் பணம் திரட்டி, கடல் ஆய்வாளர் டேவிட் மெர்ன்ஸை அனுப்பினார்கள். பிப்ரவரி 3 அன்று சிதைவு கண்டுபிடிக்கப்பட்டது. சாலாவின் உடல் கிடைத்தது. விமானியின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை.

பிரிட்டனின் விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவு ஆகஸ்டில் வெளியிட்ட செய்தி எல்லோரையும் அதிர வைத்தது. சாலாவின் ரத்தத்தில் ஹீமோகுளோபினில் 58 சதவீதத்தைக் கார்பன் மோனாக்சைடு பிடித்திருந்தது. 50 சதவீதத்தைத் தாண்டினாலே பொதுவாக உயிருக்கு ஆபத்து. பக்கத்தில் இருந்த விமானியும் அதே காற்றைத்தான் சுவாசித்திருக்கிறார். கட்டுப்பாட்டை இழந்த விமானம், தாங்க முடியாத வேகத்தில் வானிலேயே உடைந்தது. விமானத்தில் சத்தம் எழுப்பி எச்சரிக்கும் கார்பன் மோனாக்சைடு கருவி இல்லை.

இதில் சட்டத்தின் வேறு ஓட்டைகளும் இருந்தன. விமானிக்கு வணிகப் பயணிகளை ஏற்றிச்செல்லும் உரிமம் கிடையாது. இரவில் பறக்கும் தகுதியும் அவருக்கு இல்லை. பயணத்தை ஏற்பாடு செய்தவருக்கு 2021 நவம்பரில் 18 மாதச் சிறை. 2022 மார்ச்சில் மரண விசாரணை நடத்திய ஜூரிகள், விமானத்தின் எக்ஸாஸ்ட் பழுதாகி வெளியேறிய நச்சுவாயுவால் சாலா ஆழ்ந்த மயக்கத்தில் இருந்தார் என்றும், மோதலில் தலையிலும் உடலிலும் பட்ட காயங்களால் இறந்தார் என்றும் முடிவு சொன்னார்கள். சாலாவை வாங்கிய தொகையைக் கார்டிஃப் கட்ட வேண்டுமா என்று இரு கிளப்புகளும் போட்ட வழக்கு சுவிட்சர்லாந்தின் விளையாட்டு நடுவர் மன்றம்வரை போனது. முதல் தவணையைக் கார்டிஃப் கட்ட வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் தீர்ப்பானது. கோடிகளில் நடந்த அந்த வாதத்தின் நடுவே, விமானத்தில் இல்லாமல் போன கருவி சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைப்பது என்பதை மறக்க முடியவில்லை.

இன்னொன்றும் உண்டு. பிரிட்டனில் புழங்கிய அந்த விமானம் பதிவு செய்யப்பட்டிருந்தது அமெரிக்காவில். ‘என்’ என்ற எழுத்தில் தொடங்கும் பதிவெண். ஐரோப்பாவில் பறக்கும் தனியார் விமானங்கள் பலவற்றுக்கு இதே ஏற்பாடு. எனவே வாஷிங்டனில் ஒரு விதி எழுதப்படாமல் போனால், அந்த வெற்றிடம் அட்லாண்டிக்கைத் தாண்டியும் பறக்கிறது.

மூன்று போல்ட்டுகள்

அதற்கு ஓராண்டு முன்பே ஆஸ்திரேலியாவில் ஒரு துயரம். 2017 டிசம்பர் 31. சிட்னிக்கு வடக்கே ஜெருசலேம் பே என்ற நீர்முகத்தில் ஒரு கடல்விமானம் திடீரெனச் சரிந்து விழுந்தது. விமானியோடு, உலகின் மிகப்பெரிய உணவு விநியோக நிறுவனங்களில் ஒன்றான கம்பாஸ் குழுமத்தின் தலைமைச் செயல் அதிகாரி ரிச்சர்ட் கசின்ஸும் அவர் குடும்பத்தினரும் என ஆறு பேர் இறந்தார்கள். விமானி அனுபவசாலி. வானிலையும் தெளிவு. ஏன் விழுந்தது என்று இரண்டு ஆண்டுகளுக்கு மேல் யாருக்கும் பிடிபடவில்லை.

முதலில் செய்த ரத்தப் பரிசோதனைகளில் கார்பன் மோனாக்சைடு சோதிக்கப்படவே இல்லை. விமான மருத்துவ நிபுணர் ஒருவரின் யோசனைப்படி, பத்திரப்படுத்தி வைத்திருந்த மாதிரிகளை 2020-இல் மீண்டும் பரிசோதித்தபோதுதான் உண்மை வெளியே வந்தது. விமானியின் ரத்தத்திலும் பயணிகளின் ரத்தத்திலும் நச்சு வாயு.

புலனாய்வாளர்கள் மீண்டும் சிதைவுகளை ஆராய்ந்தார்கள். எக்ஸாஸ்ட் புகையைச் சேர்த்து வெளியேற்றும் வளையத்தில் விரிசல்கள். அது மட்டுமென்றால் புகை என்ஜின் அறைக்குள்ளேயே நின்றிருக்கும். ஆனால் தீத்தடுப்புச் சுவரில், என்ஜினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவைப் பார்ப்பதற்கான மூடிகளை இறுக்கும் போல்ட்டுகளில் மூன்று இல்லை! அந்தத் துளைகள் வழியே புகை பயணிகளிடம் வந்திருக்கிறது. புறப்படும் முன் நீரில் நெடுநேரம் என்ஜினை ஓட்டியபடி மிதந்தது நிலைமையை மேலும் கெடுத்தது.

விமானத்தில் எச்சரிக்கை அட்டை ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. வாயு பட்டால் நிறம் மாறும் வகை. ஆனால் அந்த அட்டைகளுக்கு ஆயுள் குறைவு, வெயிலில் வெளுக்கும். முக்கியமாக, யாராவது திரும்பிப் பார்த்தால்தான் பயன். கார்பன் மோனாக்சைடு முதலில் பறிப்பதே, திரும்பிப் பார்க்க வேண்டும் என்ற அந்த விழிப்பைத்தான்.

【பெட்டி: கண்ணுக்குத் தெரியாத பயணி】

● கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றிக்கொள்ளும்.

● தொடக்க அறிகுறிகள்: தலைவலி, சோர்வு, குமட்டல். நீண்ட பயணக் களைப்பு என்று எண்ணிவிடுவார்கள்.

● சுத்தமான காற்றைச் சுவாசித்தாலும் ரத்தத்தில் அது பாதியாகக் குறையச் சில மணி நேரமாகும்.

● 1982 முதல் 2020 வரை அமெரிக்காவில் கார்பன் மோனாக்சைடால் நேர்ந்தவை என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்த விபத்துகள் 31. உயிர் பறித்தவை 23. இறந்தவர்கள் 42 பேர். அந்த 31 விமானங்களில் ஒன்றில் மட்டுமே கண்டறியும் கருவி இருந்தது.

500 மணி நேரக் கணக்கு

தீயின் பக்கம் மறுபடி வருவோம். டர்போசார்ஜரையும் அதற்குப் பின்னால் வரும் வால்குழாயையும் இறுக்கிப் பிடிக்கும் ‘வி-பேண்ட் கிளாம்ப்’ என்ற வளையம் உள்ளங்கையில் அடங்கிவிடும் பொருள். ஆனால் அது உடைந்தால் வால்குழாய் கழன்று விழும், மொத்தப் புகையும் நேராக என்ஜின் அறைக்குள் பாயும். எண்ணெய்க் குழாய், பெட்ரோல் குழாய், மின்கம்பிகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. 1970-களிலிருந்தே இதனால் விபத்துகள். ஒவ்வொரு முறையும் ஒரு மாடலுக்கு ஓர் ஆணை என்று எஃப்ஏஏ தனித்தனியாக எழுதிக்கொண்டிருந்தது. செஸ்னாவுக்கு எழுதினால் பைப்பரில் உடையும், பைப்பருக்கு எழுதினால் வேறொன்றில்.

கிளாம்ப் உடைவதற்கு மாடல் காரணம் இல்லை, அதை உருவாக்கிய விதம்தான் காரணம் என்று ஒப்புக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. அரசும் தொழில்துறையும் சேர்ந்த குழு ஒன்று பழைய உடைசல்களை அலசியது. 2023-இல் ஒரே ஆணை, 2023-09-09, விமானத்தின் பெயரை விட்டுவிட்டுக் கிளாம்பின் பெயரிலேயே வந்தது. பல துண்டுகளைப் புள்ளி வெல்டிங்கால் இணைத்த வகைக்கு ஆயுள் 500 மணி நேரம்.  பார்க்கப் புதிதுபோல் இருந்தாலும் கழற்றி எறிய வேண்டும்.

இதன் பின்விளைவு ஹேங்கர்களில் தெரிகிறது. நாற்பது, ஐம்பது வயதான விமானத்தில் இருக்கும் கிளாம்ப் எத்தனை மணி நேரம் ஓடியது என்று பதிவேட்டில் எவரும் எழுதியிருக்க மாட்டார்கள். அதுவரை அது ஒரு சாதாரண வளையம். நட்டுபோல்ட் கணக்கில் சேர்ந்தது. இப்போது ஆயுள் எண்ணப்படும் உறுப்பு. கை மாறிக் கை மாறி வந்த விமானங்களின் உரிமையாளர்கள், பழைய பில்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

எதிர்ப்பிலும் நியாயம் உண்டு

உரிமையாளர்கள் உயிருக்கு விலை பேசுகிறார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அது நேர்மையாக இருக்காது. அவர்களின் வாதத்தைக் கேட்டால் மூன்று விஷயங்கள் உறைக்கின்றன.

முதலாவது, கழற்றுவதும் ஆபத்துதான். வெப்பத்தில் இறுகிய குழாயை அடிக்கடி பிரித்து மாட்டினால் நல்ல இணைப்பும் கெடும், கிளாம்பை அளவுக்கு மீறி முறுக்கினால் அதுவே உடையும். அடுத்தது உதிரிபாகம். செஸ்னாவின் இரட்டை என்ஜின் வரிசை உற்பத்தி 1980-களோடு முடிந்துவிட்டது. குழாய்கள் சில பட்டறைகளில் மட்டுமே சீராகின்றன. ஆணை வந்த மறுநாள் எல்லோரும் ஒரே கதவைத் தட்டினால் மாதக்கணக்கில் விமானம் தரையில் நிற்கும். மூன்றாவது வாதம்தான் கனமானது. சோதனைச் செலவு விமானத்தின் விலையை எட்டிவிட்டால், நேர்மையானவர் விற்றுவிடுவார். நேர்மையற்றவர் பதிவேட்டில் கையெழுத்து மட்டும் போடுவார்.

இந்த வாதங்களை எஃப்ஏஏ காதுகொடுத்துக் கேட்கிறது. ஒவ்வோர் ஆணைக்கும் செலவு மதிப்பீடு போடச் சட்டமே சொல்கிறது. ஆனால் பழுதுபார்ப்புக்குப் பொருந்தும் இந்த நியாயம், எச்சரிக்கைக் கருவிக்குப் பொருந்துமா? பாதுகாப்பு வாரியம் 2004-லேயே கருவியைக் கட்டாயமாக்கச் சொன்னது. எஃப்ஏஏ மறுத்தது, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று பரிந்துரை செய்ததோடு நிறுத்திக்கொண்டது. 2022 ஜனவரியில் வாரியம் அதே கோரிக்கையை மறுபடி எழுதியது. நடுவில் 18 ஆண்டுகள். இங்கே கழற்றி மாட்ட ஒன்றும் இல்லை, பட்டறைக் கதவும் இல்லை. பரிந்துரையோடு நிறுத்தியதற்கு என்னால் நல்ல காரணம் காண முடியவில்லை.

பெரிய விமானங்களும் விதிவிலக்கல்ல

ஜெட் விமானங்களில் கதை வேறு, ஆனால் எதிரி அதே வெப்பம்தான். 2023-இல் போயிங் 737 மேக்ஸ் விமானங்களுக்கு எஃப்ஏஏ ஓர் அவசரக் கட்டுப்பாடு விதித்தது. என்ஜின் முகப்பில் பனி உறையாமல் தடுக்கச் சூடான காற்றைச் செலுத்தும் அமைப்பு உண்டு. பனி இல்லாத உலர்ந்த வானில் அதை ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓடவிட்டால், கார்பன் இழைக் கலவையால் ஆன உட்சுவர் தாங்கும் அளவை மீறிச் சூடாகி உடையக்கூடும். உடைந்த துண்டு ஜன்னலில் மோதினால்? உடனடி நிவாரணம், விமானி மறக்காமல் சுவிட்சை அணைக்க வேண்டும் என்பதுதான்! சான்றிதழுக்குக் காத்திருந்த மேக்ஸ் 7 மாடலுக்கு இந்தக் குறையோடே அனுமதி கேட்டது போயிங். 2024 ஜனவரியில் அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானத்தின் கதவு அடைப்பு பறந்து போன பிறகு, அந்த விண்ணப்பத்தை அதுவே திரும்பப் பெற்றது.

நம் பயிற்சிப் பள்ளிகளில்

செஸ்னா 152, 172, பைப்பர் ரகங்கள் இந்தியப் பயிற்சிப் பள்ளிகளில் பழக்கமான முகங்கள். வடிவமைத்த நாட்டின் ஏடி, இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ விதிப்படி இங்கும் கட்டுப்படுத்தும். ‘எங்க ஊர் வெயிலுக்கு ஹீட்டரை யார் சார் போடுவாங்க?’ என்று கேட்கத் தோன்றலாம். ஹீட்டரை மூடியிருந்தாலும் தீத்தடுப்புச் சுவரின் இடுக்குகள், கதவின் ரப்பர், கால்மிதிக் கம்பி நுழையும் துளைகள் எல்லாம் வழிதான். ஆஸ்திரேலியாவில் அந்த விபத்து நடந்தபோது அங்கே கோடைக்காலம்.

2025 ஜனவரி 1

சாலா இறந்து ஏறக்குறைய ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு பிரிட்டனின் விமானப் போக்குவரத்து ஆணையம் ஒரு பாதுகாப்பு உத்தரவை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வீடுகளில் மாட்டும் மலிவான கருவிகளே விமானத்திலும் வேலை செய்யுமா என்று முதலில் விமானிகளிடம் கொடுத்துச் சோதித்துப் பார்த்தது. செய்யும் என்று தெரிந்தது. எனவே விலை பற்றிய சாக்கு அங்கே எடுபடவில்லை. பிஸ்டன் என்ஜின் விமானத்திலோ ஹெலிகாப்டரிலோ பயணிகளை ஏற்றினால், ஒலியோ ஒளியோ எழுப்பி எச்சரிக்கும் கருவி இருந்தே ஆக வேண்டும்.

அதிலும் ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். பறக்கும் தகுதி பெறாத பயணி உள்ளே இருக்கும்போதுதான் உத்தரவு செல்லும். ஆபத்தை அறியாதவருக்குக் காப்பு தேவை, அறிந்தவர் தானே முடிவெடுக்கட்டும் என்பது அதன் தர்க்கம். தனியாகப் பறக்கும் விமானிக்கும், சக விமானியோடு பறப்பவருக்கும் பிரிட்டனில் அந்தக் கருவி இன்றும் பரிந்துரைதான்.